மடைச் சாவி யார் கையில்?

ஊரே கூடி வெட்டிய கண்மாயின் மடைக்கு ஒருவன் பூட்டுப் போட்டால், அறந்தாங்கி வட்டாரத்து உழைப்பாளி சும்மா இருப்பானா? கம்ப்யூட்டர் உலகத்தில் அப்படி ஒரு பூட்டு விழுந்தது. அது படித்தவர்கள் சமாச்சாரம் என்று நாம் ஒதுங்குவதற்கில்லை. ரேஷன் அரிசி முதல் முதியோர் பென்ஷன் வரை இன்று கம்ப்யூட்டர் கணக்கில்தான் ஏறி இறங்குகிறது.

எலாஸ்டிக்சர்ச் என்பது தேடித் தரும் மென்பொருள். கோடிக்கணக்கான ஏடுகளில் ஒரு பெயரைத் தேட ஒரு யந்திரத்தால் ஆகாது. ஆகவே ஏடுகளைப் பங்கு பிரித்துப் பல யந்திரங்களில் வைக்கிறார்கள். ஒவ்வொரு பங்குக்கும் நகல் வேறொரு யந்திரத்தில் இருக்கும். நடவு வயலில் ஒருத்தி கரையேறினால் பக்கத்தில் நிற்பவள் அவள் பத்தியையும் சேர்த்து நடுவதைப் போலத்தான்.

இதை 2010ல் வெளியிட்டவர் ஷாய் பானன். ஆனால் அஸ்திவாரம் அவர் போட்டதல்ல. டக் கட்டிங் 1999ல் தொடங்கிப் பொதுவில் விட்ட லூசீன்! அதன்மேல் பல தேசத்தார் பிழை திருத்தினார்கள், புதிது எழுதிச் சேர்த்தார்கள். கம்பெனியிடம் சல்லிக்காசு வாங்காதவர்களும் அவர்களில் உண்டு. ஆனால் எழுதியதைச் சேர்க்குமுன் கம்பெனி ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டது: உரிமத்தை, அதாவது யார் எப்படி உபயோகிக்கலாம் என்ற நிபந்தனையை, கம்பெனி தன் இஷ்டப்படி வைக்கலாமாம். வெற்றுப் பத்திரத்தில் கைநாட்டு!

பொது உரிமத்தை ஒருபோதும் மாற்றமாட்டோம் என்று 2018ல் வாக்குக் கொடுத்தவர்கள், 2021 ஜனவரியில் மாற்றினார்கள். கேட்டால், "அமேசான் எங்கள் சரக்கை விற்றுக் கொழுக்கிறது" என்று கூப்பாடு. அமேசான் உத்தமன் என்று நாம் சொல்லவில்லை. 2015 முதல் அது இதை வாடகைக்கு விட்டுக் காசாக்கியது உண்மையே. ஆனால் பூட்டு அமேசானைத் தடுத்ததா? அது பழைய பிரதியை எடுத்து, அதே 2021ல் ஓப்பன்சர்ச் என்று தனிக்கடை வைத்துவிட்டது. இரண்டு மிராசுகளின் வரப்புச் சண்டையில், உழுதவன் பேச்சே எழவில்லை. 2024 ஆகஸ்டில் எலாஸ்டிக் தானே ஏஜிபிஎல் என்ற பொது உரிமத்தையும் சேர்த்துக்கொண்டது.

அந்த உரிமம் 2007லேயே வந்தது. அதன்படி, மென்பொருளைத் திருத்தி இணையம் வழியே சேவை நடத்துபவன் தன் திருத்தத்தை உபயோகிப்பவர்களுக்குக் கொடுத்தாக வேண்டும். ஆரம்பத்திலேயே அதை வைத்திருந்தால் அமேசானின் திருத்தமும் பொதுவுக்கு வந்திருக்குமே! அதைவிட முக்கியம் பட்டா யார் பேரில் என்பது. லினக்ஸைப் பாருங்கள். 1992 முதல் பொது உரிமத்தில் இருக்கிறது. பட்டா ஆயிரக்கணக்கானோர் பேரில் சிதறிக் கிடக்கிறது. எந்தக் கம்பெனியாலும் தனியாகப் பூட்ட முடியவில்லை.

தூர் வாருவது யார் என்ற கேள்வியும் இருக்கிறது. உலகம் முழுதும் உபயோகிக்கும் எக்ஸ்இசட் என்ற சிறு மென்பொருளைச் சம்பளமில்லாமல் காத்து வந்தவர் ஒரே மனிதர். அவர் களைத்திருந்த சமயம் உதவ வந்தவன்போல் ஒருவன் நுழைந்து, கள்ளவழி வைத்தான். 2024 மார்ச்சில் தற்செயலாகக் கண்டுபிடித்தார்கள்.

திறந்த மென்பொருளுக்கே முன்னுரிமை என்று இந்திய சர்க்கார் 2015ல் கொள்கை வெளியிட்டது. நல்லது. உபயோகிக்கும் இலாகாக்களும் கம்பெனிகளும் அதைப் பராமரிப்பவர்களுக்கு மாதச் சம்பளம் கொடுக்கட்டும். பொதுப்பணத்தில் எழுதப்படுவது பொது உரிமத்தில் வரட்டும். வெற்றுப் பத்திரத்தில் இனி யாரும் கைநாட்டு வைக்க வேண்டாம்.