வாயைத் திறக்க மறுத்த வர்ணனையாளர்

பதிவு கொஞ்சம் நீளம். அவசர வேலை இருப்பவர்கள் முடித்துவிட்டு வந்து படியுங்கள்.

போன வாரம் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு பெண் போன் செய்தாள். சென்னையில் நல்ல கம்பெனியில் வேலை. "சார், மீட்டிங்ல வாயைத் திறக்கவே கூச்சமா இருக்கு. என் இங்கிலீஷ்ல ஊர் வாடை அடிக்குதுன்னு சிரிக்கிறாங்க" என்றாள். "அட, அதுக்குப் போயா கவலைப்படுற? உனக்கு ஒரு ஆளைப் பத்திச் சொல்றேன்" என்று ஆரம்பித்தேன். பாதி சொல்வதற்குள் அவளுக்கு வேறு அழைப்பு வந்துவிட்டது. மீதியை இங்கே எழுதுகிறேன். எழுத ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது, அந்த மீதி அவளுக்கு மட்டும் சொல்ல வேண்டியதல்ல என்று.

அந்த ஆளின் பெயர் ஜான் ஆர்லட். இங்கிலாந்துக்காரர். பி.பி.சி. வானொலியில் 35 வருடம் கிரிக்கெட் வர்ணனை செய்தவர். 1979இல் ஓவல் மைதானத்தில் கவாஸ்கர் 221 ரன் அடித்தாரே, 438 எடுக்க வேண்டிய இடத்தில் நாம் 429 வரை போய் டிரா ஆனதே, அப்போது நான் ஆசிரியர் பயிற்சி மாணவன். விடுதியில் ஒரே ஒரு ரேடியோ. சிற்றலையில் இரைச்சலுக்கு நடுவே கேட்டோம். ஆங்கிலம் பாதிதான் புரியும். ஆனால் அதில் ஒரு கிழவரின் குரல் மட்டும் தனியாகத் தெரியும். அவசரமே இருக்காது. வயல் வரப்பில் உட்கார்ந்து பேசுவது போலப் பேசுவார். அவர்தான் ஆர்லட் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

1914இல் ஹாம்ப்ஷயரில் உள்ள பேசிங்ஸ்டோக் என்ற ஊரில் பிறந்தவர். குடும்பம் அந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்தைப் பராமரித்து வந்தது. குடியிருப்பும் அங்கேயேதான். பள்ளியில் தலைமை ஆசிரியரோடு ஒத்துப்போகாமல் படிப்பை விட்டார். கல்லூரிப் பக்கம் போகவில்லை. மனநல மருத்துவமனையில் குமாஸ்தா. பிறகு சவுத்தாம்ப்டனில் போலீஸ்காரர், அதுவும் பதினோரு வருடம். ரோந்து போய்க்கொண்டே கவிதை எழுதினார். அந்தக் கவிதைதான் 1945இல் அவரை பி.பி.சி.க்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. நம்மைப் போன்ற கீழ்த்திசை நாடுகளுக்கு இலக்கிய நிகழ்ச்சி தயாரிக்கும் வேலை. அதற்கு முன் அந்த வேலையைப் பார்த்தவர் ஜார்ஜ் ஆர்வெல், 'விலங்குப் பண்ணை' எழுதியவர்.

1946இல் பட்டோடி நவாப் தலைமையில் இந்திய அணி இங்கிலாந்து போனது. இந்திய நேயர்களுக்காக ஓரிரு ஆட்டங்களை வர்ணிக்க ஆள் தேவைப்பட்டது. கிரிக்கெட் பைத்தியமான ஆர்லட்டைக் கேட்டார்கள். இங்கே நம் ஆட்களுக்கு அவர் பேச்சு பிடித்துப்போனது. அந்தச் சுற்றுப்பயணம் முழுக்க அவரே பேசினார். ஆக, அவரை வர்ணனையாளர் ஆக்கியதில் நம் நாட்டு நேயர்களுக்கும் பங்கு உண்டு.

அந்தக் காலத்து பி.பி.சி.யில் எல்லோரும் ஒரே மாதிரி, மேட்டுக்குடி ஆங்கிலம்தான் பேசுவார்கள். ஆர்லட் பேசியது ஹாம்ப்ஷயர் கிராமத்து ஆங்கிலம். மேலதிகாரி ஒருவர் முகத்துக்கு நேராகவே சொன்னாராம், குரல் கொச்சையாக இருக்கிறது, ஆனால் உள்ளே இருக்கும் மனசு அதை ஈடுகட்டிவிடுகிறது என்று. ஆர்லட் குரலை மாற்றிக்கொள்ளவில்லை. 1980 வரை அதே ஊர்ப் பேச்சுதான். கடைசியில் கிரிக்கெட்டின் குரல் என்றாலே அந்தக் குரல்தான் என்று ஆகிவிட்டது.

அந்தப் பெண்ணுக்கு நான் சொன்னது இதுவரைதான். இனிமேல் சொல்லப் போவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

1948 கடைசியில் இங்கிலாந்து அணியோடு தென்னாப்பிரிக்கா போனார். நிறவெறியைச் சட்டமாகவே ஆக்கிய கட்சி அங்கே ஆட்சிக்கு வந்த வருடம் அது. தெருவில் தன் பாட்டுக்கு நடந்துபோன ஒரு கறுப்பரை ஒரு வெள்ளைக்காரன் காரணமே இல்லாமல் உதைப்பதைக் கண்ணால் பார்த்தார். நாட்டை விட்டுக் கிளம்பும்போது ஒரு படிவம் கொடுத்தார்கள். அதில் 'இனம்' என்று ஒரு கட்டம். 'மனிதன்' என்று எழுதிக் கொடுத்தார். ஊர் திரும்பிய பிறகு வானொலி விவாதம் ஒன்றில் அந்த அரசாங்கத்தைக் கடுமையாகச் சாடினார். அதற்குத் தண்டனையாக அந்த நிகழ்ச்சிக்கு அவரைச் சில காலம் கூப்பிடவே இல்லை.

பத்து வருடம் கழித்து கேப் டவுனிலிருந்து பேசில் டி ஒலிவேரா என்ற இளைஞரின் கடிதம் வந்தது. நல்ல ஆட்டக்காரர். வெள்ளையர் அல்லாதவர் என்பதால் சொந்த நாட்டு அணியில் இடமே கிடையாது. முன்பின் பார்த்திராத ஆர்லட்டுக்கு, இங்கிலாந்தில் ஆட வழி கிடைக்குமா என்று எழுதியிருந்தார். ஆர்லட் பல பேரிடம் கேட்டு அலைந்து, 1960இல் மிடில்டன் என்ற சிறிய ஊர்க் கிளப்பில் இடம் வாங்கிக் கொடுத்தார். ஒரு பருவத்துக்கு 450 பவுண்டு சம்பளம். கப்பல் செலவுக்கும் விமானச் செலவுக்கும் வழியில்லாதவருக்கு கேப் டவுன் மக்கள் காசு திரட்டி அனுப்பி வைத்தார்கள். அதே மனிதர் 1966இல் இங்கிலாந்துக்காக லார்ட்ஸில் ஆடினார். 1968இல் ஓவலில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 158 அடித்தார். ஆனாலும் அடுத்து வந்த தென்னாப்பிரிக்கப் பயணத்துக்கு முதலில் அவரைச் சேர்க்கவில்லை. வேறொருவர் காயத்தால் விலகியதும் சேர்த்தார்கள். அவரை வைத்துக்கொண்டு வராதீர்கள் என்றது தென்னாப்பிரிக்க அரசு. பயணமே ரத்தானது.

1970இல் தென்னாப்பிரிக்க அணி இங்கிலாந்து வருவதாக இருந்தது. அந்த ஆட்டங்களுக்கு வர்ணனை செய்ய மாட்டேன் என்று ஆர்லட் பத்திரிகையில் எழுதிவிட்டார். அவர் சொன்ன காரணம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆட்டத்தை வர்ணிப்பவன் முதலில் அதை ரசிக்க வேண்டும், அந்த மகிழ்ச்சியைத்தான் நேயரோடு பகிர்ந்துகொள்கிறான், இந்தத் தொடரில் எனக்கு மகிழ்ச்சி வராது, வராததை வந்ததுபோல் பேச முடியாது. அவ்வளவுதான். கோஷம் எதுவும் போடவில்லை. பல தரப்பிலும் எதிர்ப்பு வலுத்து, அரசாங்கமும் கேட்டுக்கொண்ட பிறகு, மே மாதம் அந்தப் பயணம் ரத்தானது. ஆர்லட் ஒருவரால் ரத்தானது என்று நான் சொல்ல மாட்டேன், அது பொய். போராட்டம் நடத்தியவர்கள் ஆயிரக்கணக்கானோர். ஆனால் அந்த ஆட்டத்தை யாரைவிடவும் அதிகமாக நேசித்த ஒருவர், அந்த ஆட்டத்தாலேயே சோறு சாப்பிட்டவர், மாட்டேன் என்றார்.

விளையாட்டில் அரசியலை ஏன் கலக்க வேண்டும் என்று அன்றும் கேட்டார்கள், இன்றும் கேட்கிறார்கள். என் பதில் இதுதான். டி ஒலிவேரா மட்டையைக் கையில் எடுப்பதற்கு முன்பே, நீ எந்த மைதானத்தில் ஆடலாம், யாரோடு ஆடலாம் என்று சட்டம் போட்டு வைத்திருந்தார்களே, அரசியலை முதலில் கலந்தது யார்?

இப்போது என் கதைக்கு வருகிறேன். இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

1982இல் எனக்கு முதல் வேலை கிடைத்தது. ஒரு கிராமத்துத் தொடக்கப்பள்ளி. ஊர்ப் பெயர் வேண்டாம். பள்ளித் திண்ணையில் தண்ணீர்ப் பானை இருக்கும், மேலே டம்ளர் இருக்கும். சில பிள்ளைகள் எடுத்துக் குடிப்பார்கள். காலனிப் பிள்ளைகள் டம்ளரைத் தொடக் கூடாது. வேறொரு பையன் மேலிருந்து ஊற்ற, இரண்டு கையையும் குவித்துக் குடிக்க வேண்டும். நான் அதைப் பார்த்தேன். பெரியவர் ஒருவர், "வந்த புதுசு தம்பி, ஊர் வழக்கத்துல தலையிடாதீங்க" என்றார். நான் தலையிடவில்லை. தினமும் காலையில் எல்லோரும் உடன்பிறந்தவர்கள் என்று உறுதிமொழி சொல்லிக் கொடுத்துவிட்டு, இடைவேளையில் அந்தத் திண்ணையைக் கடந்து போவேன். மூன்று வருடம். அடுத்த பள்ளியில் எல்லோருக்கும் ஒரே பானை, ஒரே டம்ளர் என்று வைத்தேன். பெரிய எதிர்ப்பு எதுவும் வரவில்லை. வராது என்று முதல் பள்ளியிலேயே எனக்குத் தெரிந்திருக்கலாம். நான்தான் முயன்று பார்க்கவில்லை.

சாதிக் கட்டத்தை நானும் 34 வருடம் நிரப்பியிருக்கிறேன். அதில் 'மனிதன்' என்று எழுதச் சொல்லி உங்களுக்கு உபதேசம் செய்ய மாட்டேன். நம் ஊரில் அந்தக் கட்டத்தை நிரப்பினால்தான் பல பிள்ளைகளுக்கு உதவித்தொகையும் இடஒதுக்கீடும் கிடைத்து மேலே வர முடிந்தது. தென்னாப்பிரிக்காவில் அந்தக் கட்டம் கதவைச் சாத்துவதற்கு. இங்கே சாத்திய கதவைத் திறப்பதற்கு. இரண்டும் ஒன்றல்ல. என் குற்றம் பேனாவில் இல்லை, திண்ணையில்தான்.

ஆர்லட் 1980இல் லார்ட்ஸில் தன் கடைசி டெஸ்டை வர்ணித்தார். பிரியாவிடை உரை எதுவும் இல்லை. ஓவர் முடிந்தது, அடுத்துப் பேசப் போகிறவர் பெயரைச் சொல்லிவிட்டு எழுந்துவிட்டார். மைதான ஒலிபெருக்கியில் விஷயத்தைச் சொன்னதும் கூட்டம் முழுதும் கைதட்டியது, ஆட்டக்காரர்களும் அவர் இருந்த அறையைப் பார்த்துத் திரும்பிக் கைதட்டினார்கள். தென்னாப்பிரிக்கா மீண்டும் சர்வதேச ஆட்டத்துக்குத் திரும்பியது 1991 நவம்பர் 10 அன்று, நம் கொல்கத்தா ஈடன் கார்டனில். நம்மில் பலர் அதை டி.வி.யில் பார்த்திருப்போம். அடுத்த மாதம் 14ஆம் தேதி ஆர்லட் காலமானார்.

போன் செய்த மகளே, உன் ஊர்ப் பேச்சை மாற்றாதே. நிதானமாக, தெளிவாகப் பேசு, போதும். சிரிப்பவர்கள் நாளைக்கு மறந்துவிடுவார்கள். ஆனால் அந்த மீட்டிங்கில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் யாருக்காவது அநியாயம் நடந்தால், அப்போது கூச்சப்பட்டு உட்கார்ந்துவிடாதே. உன் வாத்தியார் அப்படி உட்கார்ந்திருக்கிறார். அது நாற்பது வருடம் கழித்தும் உறுத்துகிறது.

அந்த முதல் பள்ளியில் படித்தவர்கள் யாராவது இதைப் படிக்க நேர்ந்தால், கை குவித்துத் தண்ணீர் குடித்தவர்களில் ஒருவராக இருந்தால், ஒரு வரி எழுதுங்கள். திட்டினாலும் சரி. மன்னிப்புக் கேட்க எனக்கு ஒரு முகவரி வேண்டும்.

எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி மாற்ற வேண்டும்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்