வீதியும் விதியும்

ஒரு நாட்டின் சட்டம் நூல்களில் வாழ்வதிலும் பார்க்க அந்நாட்டின் வீதிகளிலேயே வாழ்கின்றது எனலாம். நீதிமன்றப் படி ஏறாதவர் பலருளர். வீதியில் இறங்காதவர் இலர். ஆதலின் வாகனங்களின் வேகம் பற்றிய ஆராய்ச்சி, சட்டத்துக்கும் குடிமக்களுக்கும் உள்ள உறவு பற்றிய ஆராய்ச்சியாகவும் அமைந்து விடுகின்றது.

யாழ்ப்பாணத்திலிருந்து ஏ-9 வீதி வழியே வவுனியாவுக்குச் செல்வோர் அறிந்த வழக்கமொன்றுண்டு. எதிரே வரும் வாகனம் பட்டப்பகலில் முன்விளக்கை இருமுறை மின்னவிடும். ‘அப்பால் பொலிஸார் நிற்கின்றனர்’ என்பது அதன் பொருள். உடனே நமது சாரதி வேகத்தைத் தணிப்பார். பொலிஸாரைக் கடந்ததும் முன்னிலும் விரைவார். முன்பின் அறியாதார் ஒருவருக்கொருவர் காட்டும் இப்பரிவு வியக்கத்தக்கதே. ஆயின், வளைவுக்கப்பால் பள்ளிப் பிள்ளைகள் வீதியைக் கடக்கின்றனர் என்று அறிவிப்பதற்கு அவ்விளக்கு மின்னியதை யான் ஒருபோதும் கண்டிலேன். நாம் அஞ்சுவது விபத்துக்கன்று, தண்டத்துக்கே என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

மோட்டார்க் கார்களுக்கு ஊர்மனைகளில் மணிக்கு 50 கிலோமீற்றர், அவற்றுக்கு வெளியே 70 கிலோமீற்றர் என்பது நமது நாட்டின் விதி. முச்சக்கர வண்டிக்கு 40. இவ்வெண்கள் அதிகாரிகளின் மனம்போனபடி எழுந்தவையல்ல. 50 இலிருந்து 70க்குச் செல்லும்போது வேகம் ஐந்தில் இரண்டு பங்கே கூடுகின்றது. மோதலின் சக்தியோ ஏறத்தாழ இருமடங்காகின்றது. மனித உடல் தாங்கும் அளவு அதற்கேற்ப வளர்வதில்லை.

கட்டுப்பாடில்லாது மக்களை அவர்தம் பொறுப்புணர்ச்சிக்கே விட்டுவிடலாகாதா எனச் சிலர் வினவுவர். இங்கிலாந்து அதனையும் செய்து பார்த்தது. 1930 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அங்கே கார்களுக்கான வேக எல்லை முற்றாக நீக்கப்பட்டது. 1934 இல் வீதி விபத்துக்களில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1935 இல் குடியிருப்புப் பகுதிகளுக்கு மணிக்கு 30 மைல் என்னும் எல்லை விதிக்கப்பட்டது. பொறுப்புணர்ச்சி நல்லதே, ஆனால் அதற்கும் ஒரு வேலி வேண்டியிருந்தது.

நிற்க. வடபகுதி மக்கள் வீதியில் மறிக்கப்படுவதைப் பிறர் நோக்கும் கண்கொண்டு நோக்குவதில்லை. ஓமந்தையிலும் முகமாலையிலும் பொதிகளைச் சுமந்து, அடையாள அட்டையைக் கையிலேந்தி வரிசையில் நின்ற தலைமுறை இன்னும் நம்மிடையே வாழ்கின்றது. அத்தலைமுறைக்கு வீதியோரத்தில் உயரும் சீருடைக் கையானது முதலில் அச்சத்தையும், பின்னர் அவமானத்தையுமே நினைவூட்டும். மறிப்பவர் பேசும் மொழி மறிக்கப்பட்டவருக்கு விளங்காதபோது அவ்வுணர்ச்சி இருமடங்காகின்றது. தமிழும் ஆட்சிமொழியென 1987 இலேயே அரசியலமைப்பில் எழுதப்பட்டது. ஆயினும், என்ன குற்றம் செய்தோமென்பதைத் தன் மொழியிற் கேட்டறிய முடியாதவன், தண்டத்தைச் செலுத்துவானேயன்றிச் சட்டத்தை மதிக்கக் கற்றுக்கொள்ளான். சாரதி அனுமதிப் பத்திரத்தைக் கொடுத்து, தபாற்கந்தோரில் பணம் கட்டி, மீண்டும் பொலிஸ் நிலையத்துக்கு அலையும் அலைச்சலுக்கு அஞ்சி, அவ்விடத்திலேயே ‘ஏதேனும் கொடுத்து’ முடித்துக்கொள்ளும் இழிவழக்கமும் இதன் அருகேயே வளர்ந்தது. 2025 முதல் தண்டத்தை இணையவழி செலுத்தும் முறை தொடங்கப்பட்டமை இவ்வகையில் வரவேற்கத்தக்கது.

தண்டத்தை உயர்த்தினால் மட்டும் வேகம் தணியுமா? 2016 நவம்பர் மாத வரவு செலவுத் திட்டம் சில பாரிய வீதிக் குற்றங்களுக்கு ஆகக்குறைந்த தண்டம் 25,000 ரூபா என முன்மொழிந்தபோது, தனியார் பஸ் உரிமையாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அவர்கள்மீது சினங்கொள்வது எளிது. ஆனால், அன்றைய வசூலே சாரதியினதும் நடத்துனரினதும் ஊதியத்தை நிர்ணயிக்கும்போது, முன்னே செல்லும் பஸ் தன் சோற்றைக் கொண்டோடுவதாகவே பின்னே வருபவருக்குத் தோன்றும். 2005 ஏப்ரலில் யாங்கல்மோதரை ரயில் கடவையில் பஸ்ஸொன்று ரயிலுடன் மோதி முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மற்றொரு பஸ்ஸுடன் போட்டியிட்டு ஓடிவந்த பஸ் அது எனக் கூறப்பட்டது. சாரதி ஒருவரின் மடமையென்று கூறி இதனை மறந்துவிடலாகாது. போட்டியை ஏற்படுத்திய ஊதிய முறையும் அக்குற்றத்திற் பங்குடையது. நிலையான மாதச் சம்பளமும் ஒழுங்கான நேர அட்டவணையும் தண்டச் சீட்டுக்களிலும் பார்க்க அதிக உயிர்களைக் காக்கும் என்பது எமது துணிபு.

இந்நாட்டு வீதிகளில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாள்கின்றனர். ஆசிரியர்கள் இவ்வெண்ணை வகுப்பறைக்குக் கொண்டுசெல்லுதல் வேண்டும். நம் மக்கள் கட்டுப்பாடு அறியாதவரல்லர். முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் பொலிஸாரின் ஏவலின்றியே பஸ்களும் லொறிகளும் தாமே நிற்கின்றன. சாரதி இறங்கித் தேங்காய் உடைத்து, பயணம் நலமே முடிய வேண்டுமென்று கும்பிட்டுப் புறப்படுகின்றார். அந்த வேண்டுதலில் தம் முதுகுக்குப் பின்னே அமர்ந்திருக்கும் ஐம்பது பேரையும், வீதியோரம் நடந்து செல்வோரையும் அவர் சேர்த்துக்கொள்வாராயின், அடுத்த மைல்களையும் அவர் நிதானமாகவே கடப்பார். அந்த நினைவை அவர் உள்ளத்தில் விதைப்பதே சட்டத்தின் வேலை. அதற்கு இடந்தரும் ஊதியத்தை அளிப்பது அரசின் வேலை.