செல்போன்: சிறியதா, பெரியதா?

செல்போன் கடையில் வரிசையாகப் போன்களை வைத்திருக்கிறார்கள். எது மிகப் பெரியதோ, அதன் மீதுதான் கண் போகிறது. "பெரியதாக இருந்தால் நல்லதாகத்தான் இருக்கும்" என்று பலர் நினைக்கிறார்கள்.

இந்த நினைப்பு சரியா?

சரி அல்ல!

வளர்ந்த கதை

2007-ம் ஆண்டில் ஆப்பிள் கம்பெனியின் முதல் ஐபோன் வந்தது. அதன் திரை 3½ அங்குலம். (திரையை ஒரு மூலையில் இருந்து எதிர் மூலை வரை குறுக்காக அளந்து சொல்லும் கணக்கு இது.)

2011-ல் சாம்சங் கம்பெனி "கேலக்சி நோட்" போனைக் கொண்டு வந்தது. திரை 5.3 அங்குலம். "இவ்வளவு பெரிய போனா!" என்று பலர் சிரித்தார்கள்.

2024-ல் வந்த "ஐபோன் 16 புரோ மேக்ஸ்" திரை 6.9 அங்குலம். இப்போது யாரும் சிரிப்பதில்லை!

பெரிய போனின் லாபம்

பெரிய போனில் லாபம் உண்டு. எழுத்து பெரிதாகத் தெரியும். தாத்தா, பாட்டி கண்ணை இடுக்க வேண்டாம். பிள்ளைகள் பாடம் பார்க்கலாம். நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்து படம் பார்க்கலாம்.

உள்ளே இடம் அதிகம். ஆகவே பெரிய பேட்டரி வைக்கிறார்கள். பெரிய திரை மின்சாரத்தைக் கூடுதலாகக் குடிக்கும். என்றாலும், பெரும்பாலும் பெரிய போனே அதிக நேரம் தாங்குகிறது.

சிறிய போனிலும் எழுத்தைப் பெரிதாக்கலாமே? பெரிதாக்கலாம். ஆனால் ஒரு வரியில் இரண்டு, மூன்று சொல்தான் நிற்கும். விரலால் தள்ளித் தள்ளிப் படிக்க வேண்டும்.

கை படும் பாடு

2020-ல் வந்த "ஐபோன் 12 மினி" சுமார் 135 கிராம். மேலே சொன்ன பெரிய ஐபோன் 227 கிராம்.

ஒரு கையில் காய்கறிப் பை. இன்னொரு கையில் போன். அப்போது மணி அடிக்கிறது. சிறிய போன் என்றால், பிடித்த கையின் கட்டை விரலே எல்லா மூலைக்கும் எட்டும். பெரியது என்றால், பையைக் கீழே வைக்க வேண்டும். இல்லாவிட்டால் போன் நழுவும். கண்ணாடி உடைந்தால் யார் செலவு?

சட்டைப் பையில் குனிந்தாலும் விழாமல் இருப்பது சிறிய போன்தான்.

ஏன் மறைந்தது?

இவ்வளவு சுகம் இருந்தும், சிறிய போன் கடையில் எளிதில் கிடைப்பதில்லை. "மினி" போன்கள் எதிர்பார்த்தபடி விற்கவில்லை. 2023-ல் அவற்றின் விற்பனையை ஆப்பிள் நிறுத்தியது.

இது கம்பெனிக்கு லாபக் கணக்காக இருக்கலாம். ஆனால் சிறிய கை உள்ளவர்கள் என்ன செய்வார்கள்? எல்லோருக்கும் ஒரே அளவில் செருப்புத் தைத்தால் ஏற்போமா? சின்னப் போன்களையும் செய்ய வேண்டும். அதுதான் நியாயம்.

எதை வாங்கலாம்?

வீட்டுக்கு ஒரே போன்தான் என்றால், பெரியதே நல்லது. படிப்பு, படம், பேச்சு எல்லாம் அதில்தானே!

வெளி வேலைக்குப் போகிறவருக்குத் தனிப் போன் என்றால், கிடைக்கிறவற்றில் சிறியதைப் பார்க்கலாம்.

பல வீடுகளில் மகன் போய் போன் வாங்குகிறான். வைத்துக் கொள்வது அம்மா! மகன் கைக்குப் பொருந்தியது அம்மா கைக்குப் பொருந்துமா?

ஆகவே அம்மாவையும் கடைக்கு அழைத்துப் போக வேண்டும். போனை அவர் கையில் கொடுக்க வேண்டும். ஒரு கையால் பிடிக்க முடிகிறதா, கண்ணாடி போடாமல் படிக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். விலையைப் பிறகு கேட்கலாம்!