பெக்கான் உதிரும் பருவம்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாகாணத்துத் தென்மேற்குப் பகுதியில், ஆல்பனி நகரைச் சுற்றி மைல் கணக்கில் பரந்துகிடக்கும் பெக்கான் தோப்புகளில், அக்டோபர் மாதம் பிறந்ததும் மனிதர்களுடைய பேச்சும் நடையும் துரிதமடைந்துவிடுகின்றன. வருஷத்தின் மற்ற மாதங்களில் மரத்தின் நிதானத்துக்குத் தங்களைப் பழக்கிக்கொண்டு வாழும் அந்தக் குடும்பங்கள், காயின் பச்சைத் தோல் நான்கு பிளவாக வெடித்து, உள்ளே கறுப்புக் கோடுகள் இழைத்த பழுப்புக் கொட்டை தெரியத் தொடங்கிய நாள் முதல், மழை எப்போது, காற்று எப்படி, விலை என்ன என்ற கவலைகளோடுதான் கண்விழிக்கின்றன.

அப்படிப்பட்ட ஒரு தோப்பில், பாட்டனார் காலத்தில் நட்ட ஸ்டூவர்ட் ரக மரங்களின் நிழலில், அக்குடும்பத்துப் பெரியவரோடு ஒரு பகல் முழுவதும் நிற்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. புல்லை ஒட்ட வெட்டி, விழுந்த குச்சிகளை அகற்றி, தரையை முன்கூட்டியே திருத்தி வைத்திருந்தார்கள். மரம் உலுக்கும் யந்திரம் தன் நீண்ட கையினால் அடிமரத்தைப் பற்றிய மறுகணம், அந்த மகா விருக்ஷம் அடியிலிருந்து நுனிவரை நடுங்கிற்று, சில விநாடிகள்தாம், அதற்குள் கொட்டைகள் பொலபொலவென்று உதிர்ந்து தரையை மூடிவிட்டன. பின்னால் வந்த யந்திரம் அவற்றைக் கூட்டி வரிசையாகக் குவிக்க, இன்னொன்று அள்ளியெடுத்துச் சருகை ஊதித் தள்ளிற்று. நீண்ட கழிகளால் கிளைகளை அடித்து, பெண்களும் பிள்ளைகளும் குனிந்து பொறுக்கிய காலத்தைப் பெரியவர் தம் பால்ய ஞாபகமாகச் சொன்னார்; வேரடியில் யந்திரம் தவறவிட்டதைப் பொறுக்க இன்றும் கைதான் வேண்டியிருக்கிறது.

அவர் இரண்டு கொட்டைகளை உள்ளங்கையில் ஒன்றோடொன்று வைத்து நெரித்தார். ஓடு நொறுங்கி, இளம் பொன்னிறத்தில் பருப்பு முழுசாக வெளிவந்தது. அந்த நிறத்தில்தான் குடும்பத்தின் ஒரு வருஷத்து வரும்படி இருக்கிறது. ஈரத் தரையில் கிடந்து பருப்பு கறுத்துவிட்டால் விலை சரிந்துவிடும். ஒரு பவுண்டுக்கு எத்தனை கொட்டை நிற்கிறது, உடைத்தால் பருப்பு எவ்வளவு தேறுகிறது என்பதையெல்லாம் பார்த்தே வியாபாரி விலை பேசுகிறான். நம் மாமரத்தைப் போலவே, ஒரு வருஷம் கொம்பு தாங்காமல் காய்த்தால் மறு வருஷம் ஓய்ந்துபோகும் ஸ்வபாவமும் இந்த மரத்துக்கு உண்டு.

மரம் உலுங்கும்போதெல்லாம் எனக்கு அந்த்வான் என்ற மனிதனுடைய நினைவே வந்துகொண்டிருந்தது. மிசிசிப்பி நதிப் படுகையிலும் டெக்ஸஸ் ஆற்றோரங்களிலும் காடாக வளர்ந்த பெக்கானை விதைபோட்டு முளைக்கவைத்தால், தாய்மரத்தின் குணம் கன்றுக்கு வருவதில்லை. எத்தனை உயர்ந்த காய் காய்த்த மரமானாலும் அதன் சிறப்பு அதனோடு போய்விடும். ஒட்டுக் கட்டுவதொன்றே வழியென்று தெரிந்து, லூயிசியானாவில் ஒரு வைத்தியர் முயன்று பார்த்தும் கைகூடாமல், தாம் தேர்ந்த மரத்தின் கொம்புகளை ஓக் ஆலி என்ற பண்ணைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். அங்கே தோட்ட வேலை செய்துவந்த அடிமை அந்த்வான், 1846-47ஆம் வருஷக் குளிர்காலத்தில், 16 மரங்களில் அந்த ஒட்டைக் கட்டிப் பிழைக்கவைத்தான். எஜமானனின் சொத்துக்களை 1848இல் கணக்கெடுத்தபோது, பெக்கான் மரத்துக்கு ஒட்டுக் கட்டுவதில் தேர்ந்தவன் என்று எழுதி, அவனுக்கு 1000 டாலர் விலை போட்டார்கள். அந்த ரகத்தின் கொட்டைகள் 1876இல் பிலடெல்பியா நகரில் நடந்த நூற்றாண்டுக் கண்காட்சியில் பரிசு பெற்றன. 'சென்டெனியல்' என்று கண்காட்சியின் பெயரையே ரகத்துக்கு வைத்தார்களேயன்றி, அந்த்வானை யாரும் நினைக்கவில்லை. ஸ்டூவர்ட் ரகத்துக்கு அதைப் பரப்பிய ஒரு கர்னலின் பெயர் நிலைத்துவிட்டது. அந்த்வான் ஒட்டுக் கட்டிய மரங்களையோ, பின்னால் வந்தவர்கள் கரும்பு பயிரிடுவதற்காக வெட்டிவிட்டார்கள். இன்று வரிசை வரிசையாக நிற்கும் ஒவ்வொரு தோப்பும், இந்தப் பெரியவரின் தோப்பும்கூட, அந்தக் கையின் சாமர்த்தியத்துக்குக் கடன்பட்டிருக்கிறது. அந்தக் கடனை அறுவடைக் காலத்திலாவது உரக்கச் சொல்லவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

பெரியவரிடம் அந்த வரலாற்றைச் சொன்னேன். நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, என்னைத் தோப்பின் தெற்குப் புறத்துக்கு அழைத்துப்போனார். 2018ஆம் வருஷம் அக்டோபர் 10ஆம் தேதி, பிளாரிடா கரையில் ஏறிய மைக்கேல் புயல் அன்றே இந்தப் பிரதேசத்தின்மேல் வந்து விழுந்தபோது, காய்கள் முற்றி, அறுவடை தொடங்குகிற தறுவாய். அந்த ஓர் இரவில் பாட்டனாரின் மரங்களில் பெரும்பாலானவை வேரோடு சாய்ந்தன. போனது அவ்வருஷத்து மகசூல் மட்டுமன்று, இனி எத்தனையோ வருஷங்களுக்கு வரவேண்டியதும் கூடவே போயிற்று. விழுந்த மரங்களை அறுத்து அப்புறப்படுத்தவே மாதக்கணக்காயிற்றாம். நிலத்தை விற்றுவிடலாம் என்று சொன்னவர்கள் உண்டு. மகனும் மருமகளும் கூடவே நிற்க, அவர் மறுபடியும் ஒட்டுக் கன்றுகளையே நட்டார். நாலைந்து வருஷத்தில் கண்ணுக்குக் காய் காட்டினாலும், செலவுக்கு ஈடான காய்ப்பு வரப் பத்து வருஷம்வரை காத்திருக்கவேண்டும் என்பது தெரிந்தே நட்டார்.

கன்றுகளில் எலியட் ரகமே அதிகம். அந்தப் பிரதேசத்து ஈரக் காற்றில் பெக்கானைப் பீடிக்கும் சொறி நோய்க்கு அது எளிதில் இடங்கொடுப்பதில்லை, மருந்தடிக்கும் செலவு குறையும், கொட்டை சிறிதானாலும் பருப்பு நயமானது என்று ஒரு கன்றின் அடிப்பக்கத்து ஒட்டைத் தடவிக் காட்டியபடியே விவரித்தவர், மேற்கே மேகம் திரள்வதைப் பார்த்துவிட்டு, மழைக்குள் இன்னும் இரண்டு வரிசையை உலுக்கியாகவேண்டும் என்று யந்திரத்தை நோக்கி நடந்தார்.