ஊரடங்கிலும் அடங்காத உழைப்பு

பாலாற்றின் மீதுள்ள பேத்தமங்களா நீர்த்தேக்கம் கோலார் தங்கவயலுக்குத் தண்ணீர் தந்தது. வெட்டியெடுத்த தங்கத்துக்குச் சுரங்கத்தில் கணக்கு இருந்தது. அந்தத் தண்ணீரைக் குடத்தில் சுமந்து, சோறாக்கி, துணி துவைத்து, மறுநாள் காலையில் ஒரு தொழிலாளியைச் சுரங்க வாயிலில் நிறுத்திய பெண்ணின் உழைப்பு எந்தக் கணக்கேட்டிலும் ஏறவில்லை.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. அன்றுமுதல் பெங்களூருக்கு ரயிலேறிச் சென்று திரும்பும் கூலி வாழ்க்கையே பல குடும்பங்களின் கதியானது. 2020 மார்ச்சில் கொரோனாவை முன்னிட்டு ரயில்கள் நின்றன. நான்கு மணி நேர அவகாசத்தில் ஊரடங்கும் வந்தது. கூலி நின்றது, வீட்டுவேலை பெருகியது. பள்ளி மூடப்பட்டபோது தாய் ஆசிரியரானாள். நோயாளி வீட்டிலேயே தனிமைப்படுத்தப்பட்டபோது செவிலியரானாள். அடிக்கடி கை கழுவுங்கள் என்ற அறிவுரையை நிறைவேற்றவும் அவளே கூடுதலாக ஒரு குடம் சுமந்தாள்.

பெருந்தொற்றுக்கு முன்பே நிலைமை இதுதான். ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்கு 299 நிமிடங்களும், ஆண் 97 நிமிடங்களும் செலவிடுவதாக ஒன்றிய அரசின் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பே கூறியது. நெருக்கடியில் அரசு கைவிட்ட பொறுப்புகள் அனைத்தும் அந்த 299 நிமிடங்களின் மேல் ஏற்றப்பட்டன. பதிலுக்குக் கிடைத்தது, பெண்களின் ஜன்தன் கணக்குகளுக்கு மாதம் 500 ரூபாய். அதுவும் மூன்றே மாதங்களுக்கு.

வீடு வீடாகச் சென்று தொற்றைக் கண்காணித்த ஆஷா ஊழியர்கள் ‘தன்னார்வலர்’ என்றே அழைக்கப்பட்டனர். பராமரிப்பு பெண்ணின் இயல்பு என்று சொல்லிவிட்டால் கூலி கொடுக்க வேண்டியதில்லை அல்லவா? கர்நாடக ஆஷாக்கள் 2020 ஜூலையில் மாதம் 12,000 ரூபாய் கேட்டுப் போராடியது இந்த ஏமாற்றுக்கு எதிராகத்தான்.

இன்று கர்நாடகம் 2,000 ரூபாயும் தமிழ்நாடு 1,000 ரூபாயும் குடும்பத் தலைவியருக்கு வழங்குவது வரவேற்கத்தக்கது. ஆனால் பணம் மட்டும் கைமாறினால் சுமை அதே தோளில்தான் இருக்கும். வீட்டுக்கு வீடு குடிநீர்க் குழாய், முழுநேரக் குழந்தைகள் காப்பகமாக அங்கன்வாடி, வலுவான அரசு மருத்துவமனை, ஆஷாக்களுக்கு அரசு ஊழியர் தகுதி ஆகியவையே சுமையை இறக்கும். சட்டச் சமத்துவம் மட்டும் போதாது, பொதுச் சமையற்கூடமும் குழந்தைகள் காப்பகமும் வேண்டும் என்று லெனின் 1919இல் வலியுறுத்தியதும் இதனால்தான்.

இக்கோரிக்கைகள் மாதர் அமைப்பின் தீர்மானங்களில் மட்டும் நின்றுவிடக் கூடாது. தொழிற்சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலிலும் முன்வரிசையில் இடம்பெற வேண்டும். கூட்டம் முடிந்து வீடு திரும்பும் தோழரும் குடத்துக்குத் தோள் கொடுக்க வேண்டும். தன் வீட்டில் நடக்கும் சுரண்டலைக் காணாத கண், ஆலையில் நடப்பதை முழுமையாகக் காண இயலாது.