வயரை வெட்டாமல் பாட்டுக் கேட்க முடியாதா?

புது கார் டெலிவரி எடுத்த கையோடு பலரும் இரண்டு இடத்துக்குப் போவார்கள். ஒன்று கோயில். எலுமிச்சம்பழத்தை டயருக்கு அடியில் வைத்து நசுக்கி, மாலை போட்டு, பூஜை முடித்து வருவதற்கு. இன்னொன்று ஆடியோ கடை. சென்னை என்றால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, மற்ற ஊர்களில் பைபாஸ் ஓரத்தில் இருக்கும் ஏதாவது ஒரு 'கார் டெக்கார்ஸ்'. கோயிலில் வண்டிக்குத் திருஷ்டி கழிகிறது. ஆடியோ கடையில் பல நேரம் திருஷ்டி ஆரம்பமாகிறது!

அங்கே நடப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் இது புரியும். கடைப்பையன் டேஷ்போர்டைப் பிரித்து, கம்பெனி ஸ்டீரியோவை வெளியே இழுக்கிறான். அதன் பின்னால் இருக்கும் கப்ளரும் புது ஆண்ட்ராய்டு ஸ்டீரியோவின் கப்ளரும் சேரவில்லை. உடனே கட்டிங் பிளேயரை எடுத்து 'டக்'... முடிந்தது. வயரைப் பல்லால் உரித்து, முறுக்கி, கறுப்பு டேப்பைச் சுற்றி, "பாட்டு போட்டுப் பாருங்க சார்" என்கிறான். மொத்தம் ஒரு மணி நேர வேலை. சாரும் சந்தோஷமாகப் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறார். சில நூறு ரூபாய் கப்ளரை மிச்சம் பிடிப்பதற்காக, எட்டு பத்து லட்ச ரூபாய் காரின் வயரிங்கில் கை வைத்துவிட்டார்கள் என்பது அவருக்குத் தெரியவே தெரியாது.

கம்பெனி ஸ்டீரியோ உள்ள காரில் வெளி ஸ்டீரியோ மாட்டவே கூடாது என்று சிலர் பயமுறுத்துவார்கள். அது சரியில்லை. தாராளமாக மாட்டலாம். ஆனால் ஒரே ஒரு நிபந்தனை. நாளைக்கே அதைக் கழற்றினால், கார் ஷோரூமிலிருந்து வந்தது போல் ஆகிவிட வேண்டும். அப்படி ஆகாது என்றால் அதற்குப் பெயர் ஃபிட்டிங் இல்லை, சேதம்.

மக்கள் ஏன் வெளியே போகிறார்கள் என்பதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. ஒரே காரில் நான்கு, ஐந்து வேரியன்ட் விற்கிறார்கள். கீழ் வேரியன்ட்டில் பேருக்கு இரண்டு ஸ்பீக்கர், சிலவற்றில் அதுவும் கிடையாது. நல்ல டச் ஸ்க்ரீன் வேண்டுமென்றால் மேல் வேரியன்ட்டுக்குப் போக வேண்டும். அங்கே அலாய் வீல், அது, இது என்று கேட்காததையெல்லாம் கட்டி வைத்திருப்பார்கள். பாட்டுக் கேட்க ஆசைப்பட்டவன் அலாய் வீலுக்கும் ஏன் காசு கொடுக்க வேண்டும்? கீழ் வேரியன்ட்டை வாங்கி, மிச்சப் பணத்தில் நல்ல ஆடியோ போடுவது புத்திசாலித்தனம்தான். பிரச்சினை ஆசையில் இல்லை, மாட்டும் விதத்தில்.

ஒரு காலத்தில் இது எளிதான வேலையாக இருந்தது. 1930-ல் அமெரிக்காவில் கால்வின் சகோதரர்களின் நிறுவனம் 'மோட்டோரோலா' என்ற பெயரில் கார் ரேடியோ விற்க ஆரம்பித்தது. அப்போது கார் ரேடியோ என்பது தனிப் பெட்டி. பிற்பாடு 180-க்கு 50 மில்லிமீட்டர் என்று டின் அளவு வந்தது. எந்தக் கம்பெனி ஸ்டீரியோவும் எந்தக் காரின் ஓட்டையிலும் உட்காரும். பின்னால் பவர், எர்த், ஆன்டெனா, நான்கு ஸ்பீக்கருக்கு எட்டு வயர், அவ்வளவுதான். வெட்டி ஒட்டினாலும் பாட்டு மட்டும்தான் கெடும்.

இன்றைய காரில் கதையே வேறு. பாஷ் நிறுவனம் 1986-ல் அறிமுகப்படுத்திய 'கேன்' என்ற இணைப்பு முறையில் காரின் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. பல கார்களில் ஸ்டீரியோவும் அந்த உரையாடலில் ஒரு ஆள். ஸ்டீரிங் பட்டன், ரிவர்ஸ் கேமரா, சில கார்களில் ஏசி டிஸ்ப்ளே வரைக்கும் அதன் வழியாகத்தான் போகிறது. 2000-களின் தொடக்கத்தில் வந்த ஜெனரல் மோட்டார்ஸின் பல வண்டிகளில் சீட் பெல்ட், கதவு எச்சரிக்கை ஒலிகளே ரேடியோ வழியாகத்தான் வந்தன. ரேடியோவைக் கழற்றினால் எச்சரிக்கையும் ஊமையாகிவிடும். அந்த ஒலியைத் திரும்ப வரவைக்கத் தனி அடாப்டர்கள் விற்றார்கள். ஆக, ஸ்டீரியோவைக் கழற்றுவது என்பது இப்போது பாட்டுப் பெட்டியை மாற்றுவது மட்டும் அல்ல.

சரி, வெட்டி ஒட்டினால் அப்படி என்ன ஆகிவிடும்?

முதலில் அந்தக் கறுப்பு டேப். வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டுக்குள் இருக்கும் சூட்டில் டேப்பின் பசை இளகும். வண்டியின் அதிர்வில் முறுக்கிய வயர் தளரும். ஆறு மாதம் கழித்து ஒரு ஸ்பீக்கர் கரகரக்கும், ஸ்டீரியோ தானாக ஆஃப் ஆகும். யாருக்கும் காரணம் புரியாது.

இரண்டாவது, மஞ்சள், சிவப்பு. வெளி ஸ்டீரியோக்களில் மஞ்சள் வயர் எப்போதும் பேட்டரியோடு இருக்க வேண்டியது. சிவப்பு, சாவி போட்டால் மட்டும் கரன்ட் வர வேண்டியது. அவசரத்தில் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிடுவார்கள். சாவியை எடுத்த பிறகும் ஸ்டீரியோ தூங்காது. அது அரை ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 12 ஆம்பியர்-அவர். சின்ன காரின் பேட்டரி 35 ஆம்பியர்-அவர். மூன்று நாள் ஊருக்குப் போய்விட்டு வந்தால் வண்டி ஸ்டார்ட் ஆகாது. பழி பேட்டரி கம்பெனி மேல் விழும்.

மூன்றாவதுதான் பயங்கரம். டிக்கியில் ஆம்ப்ளிஃபையர் வைத்தால் அதற்குப் பேட்டரியிலிருந்து நேராக ஒரு தடித்த வயர் இழுப்பார்கள். அது இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே இருக்கும் தகட்டின் ஓட்டை வழியாக உள்ளே வரும். ஓட்டையில் ரப்பர் வளையம் போடாவிட்டால் தகட்டின் விளிம்பு நாளாக நாளாக வயரின் தோலை அறுக்கும். காரின் பாடி முழுக்க நெகட்டிவ். வயர் அதைத் தொட்டால் பேட்டரி பல நூறு ஆம்பியரைக் கொட்டும். நடுவே ஃபியூஸ் இருந்தால் அது போவதோடு முடிந்தது. இல்லாவிட்டால் வயர் பழுத்து, பக்கத்தில் இருக்கும் கார்ப்பெட்டும் பிளாஸ்டிக்கும் பிடிக்கும். பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் பழைய விதி. காரணம், ஃபியூஸ் தனக்குப் பின்னால் இருக்கும் வயரைத்தான் காப்பாற்றும், முன்னால் இருப்பதை அல்ல. டிக்கியில் ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் மட்டும் ஃபியூஸ் வைத்தால், நான்கு மீட்டர் வயர் காவல் இல்லாமல் கிடக்கும். அந்த வயருக்கு மேலே பின் சீட்டில் குழந்தைகள் உட்கார்ந்திருப்பார்கள்.

நான்காவது, ஹேண்ட்பிரேக் வயர். வண்டி நிற்கும்போது மட்டும் வீடியோ ஓட வேண்டும் என்றுதான் பல ஸ்டீரியோக்களில் அந்த வயரைக் கொடுத்திருக்கிறார்கள். கடையில் அதை எர்த்தில் சேர்த்துவிட்டு, "ஓடும்போதும் படம் பார்க்கலாம் சார்" என்று இலவச இணைப்பு மாதிரி சொல்வார்கள். ஓட்டுபவர் படம் பார்த்தால் ரோட்டை யார் பார்ப்பது?

இத்தனையும் செய்து கிடைப்பது என்ன? பெட்டியில் '50 வாட் x 4' என்று போட்டிருக்கும். காரில் கிடைக்கும் 14.4 வோல்ட்டை அதனாலேயே பெருக்கி, ஸ்பீக்கரின் 4 ஓமால் வகுத்தால் 51.84. இந்த 50 வாட் அங்கிருந்துதான் வருகிறது. அலை முழுக்கச் சதுரமாக வெட்டுப்பட்டு, பாட்டு இரைச்சலாக மாறினால்தான் அந்த வாட் கிடைக்கும். சுத்தமான ஒலி அலைக்கு அதிகபட்சமே அதில் பாதி, 26 வாட். நல்ல கம்பெனிகள் தங்கள் விவரத் தாளில் 'ஆர்எம்எஸ்' என்ற இடத்தில் 20 வாட் சொச்சம் என்று நேர்மையாகவே போடுகின்றன. கம்பெனி ஸ்டீரியோவும் அதே பேட்டரியில்தான் ஓடுகிறது. வெறும் ஸ்டீரியோவை மாற்றினால் பெரிய ஸ்க்ரீன் வரும், பெரிய சத்தம் வராது. ஒலி நன்றாக வேண்டுமென்றால் முதலில் மாற்ற வேண்டியது கதவில் இருக்கும் காகித ஸ்பீக்கரை. அதற்கு டேஷ்போர்டைத் தொடவே வேண்டாம்!

இன்னொரு பக்கம், ஷோரூம்காரர்களின் மிரட்டல். "வெளியில் எதையாவது மாட்டினால் வாரன்டி போச்சு" என்பார்கள். பக்கத்திலேயே அதே மாதிரி பொருளைக் கூடுதல் விலைக்கு வைத்திருப்பார்கள். அமெரிக்காவில் 1975-லிருந்தே இதற்குச் சட்டம் உண்டு. தன் பிராண்டைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று வாரன்டிக்கு நிபந்தனை போட முடியாது. இந்தியாவில் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. வழக்கு உதிரி பாகம், ரிப்பேர் பற்றியது. அபராதம் பிறகு மேல்முறையீட்டுக்குப் போனது. ஆனால் அந்த உத்தரவில் ஒரு நல்ல நியாயம் இருக்கிறது. வெளியில் வேலை பார்த்தார் என்பதற்காக மொத்த வாரன்டியையும் ரத்து செய்யக் கூடாது, வெளி வேலையால் எது கெட்டதோ அதற்கு மட்டும் மறுக்கலாம். ஆடியோவுக்கும் இதுதான் நியாயம். அதன்படி பார்த்தால் கப்ளர் போட்டு மாட்டியவர் தைரியமாக வாதாடலாம். வயரை வெட்டியவர் என்ன வாதாடுவார்?

இன்ஷூரன்ஸிலும் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. கம்பெனி விலையில் சேராத எலக்ட்ரிக்கல் பொருட்களின் மதிப்பைத் தனியாகச் சொல்லி, பாலிசியில் ஐஎம்டி 24 என்ற பிரிவில் சேர்க்க வேண்டும். 2002-ம் வருட மோட்டார் டாரிஃபில் அதற்கு 4 சதவீதம் கூடுதல் பிரீமியம். அந்தக் கணக்கில் 30,000 ரூபாய் ஆடியோவுக்கு வருடம் 1,200 ரூபாய். சேர்க்காவிட்டால் திருட்டுப் போனாலும் எரிந்து போனாலும் அந்த 30,000 கைக்கு வராது.

கடைப்பையனை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்று அவனுக்கு முதலாளி கணக்கு வைத்திருக்கிறார். வாடிக்கையாளரும் "எவ்வளவு குறைப்பீங்க?" என்று நாலு தடவை கேட்கிறாரே தவிர, "எப்படி மாட்டுவீங்க தம்பி?" என்று ஒரு தடவை கூடக் கேட்பதில்லை. "கப்ளர் போட்டா கொஞ்சம் எக்ஸ்ட்ரா ஆகும் சார்" என்று அவன் சொன்னாலும், "அதெல்லாம் வேண்டாம்ப்பா" என்று சொல்வது யார்?

கேட்க வேண்டியது அதிகம் இல்லை. அந்தக் கார் மாடலுக்கான கப்ளர், ஃபிரேம் இருக்கிறதா? ஸ்டீரிங் பட்டனும் ரிவர்ஸ் கேமராவும் வேலை செய்யுமா? பிரிப்பதற்கு முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுவார்களா? மஞ்சள் கப்ளர் பக்கம் போகாமல் இருப்பார்களா? (ஏர்பேக் வயர்களுக்கு வழக்கமாக மஞ்சள் நிறம்தான்.) ஆம்ப்ளிஃபையர் என்றால் பேட்டரி பக்கத்திலேயே ஃபியூஸ் உண்டா? பில் கொடுப்பார்களா? ஸ்டீரியோவே டேஷ்போர்டோடு சேர்ந்த கார் என்றால் அதை அப்படியே விட்டுவிட்டு, ஸ்பீக்கர் வயரிலிருந்தே ஒலியை எடுத்துக்கொள்ளும் 'ஹை லெவல் இன்புட்' ஆம்ப்ளிஃபையரைக் கப்ளர் வைத்துச் சேர்த்தால் போதும்.

இதற்கெல்லாம் "ஆமாம்" என்று சொல்லும் கடை கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும். கொடுக்கலாம். கழற்றிய கம்பெனி ஸ்டீரியோவையும் துணியில் சுற்றிப் பரண் மேல் பத்திரமாக வைக்கலாம். நாலு வருடம் கழித்து காரை விற்கும்போது அதைத் திரும்ப மாட்டிக் கொடுத்தால், வாங்குபவர் கேட்கும் முதல் கேள்வியான "வயரிங் ஏதாவது கட் பண்ணீங்களா?" என்பதற்குப் பொய் சொல்ல வேண்டி வராது.