பதினெட்டு நாளில் ஒரு பருவமா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்)

பெண்கள் விளையாட வேண்டும் என்பதை மறுத்துப் பேசுவார் இன்று எவருமில்லை. விளையாட்டு விழா மேடையில் ஏறுகின்ற ஒவ்வொருவரும் அதைச் சொல்கிறார்கள், நாமும் கைதட்டுகிறோம். 2019ஆம் ஆண்டு ‘பிகில்’ திரைப்படம் வந்தபோது, பெண்கள் பந்தை உதைக்கும் காட்சிகளுக்குத் திரையரங்கில் எழுந்த சீழ்க்கை ஒலியை நாம் மறந்திருக்க மாட்டோம். ஆனால் அதே 2019ஆம் ஆண்டில், மே மாதம் 22ஆம் நாள், மதுரையைச் சேர்ந்த சேது எஃப்.சி. என்னும் பெண்கள் அணி இந்திய மகளிர் லீக் கால்பந்தில் வாகை சூடியது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? லூதியானாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் அவர்கள் மணிப்பூர் போலீஸ் அணியை 3–1 என்ற கணக்கில் வென்றார்கள். திரையில் கண்ட கோப்பை நம் நினைவில் இருக்கிறது. தரையில் வென்ற கோப்பை நினைவில் இல்லை.

இதற்கு நம்முடைய மறதி மட்டும் காரணமன்று. நாட்டின் முதல்நிலை மகளிர் போட்டியான அந்த லீக் எத்தனை நாள் நடந்தது என்று பாருங்கள். மே 5ஆம் நாள் தொடங்கி 22ஆம் நாள் முடிந்தது. பதினெட்டே நாட்கள்! 12 அணிகள் இரு பிரிவுகளாக ஆடின. ஒவ்வோர் அணிக்கும் பிரிவில் 5 ஆட்டங்கள். அரையிறுதியும் இறுதியும் சேர்த்தால் வாகை சூடிய அணிக்கே 7 ஆட்டங்கள்தாம். பிரிவோடு வெளியேறிய 8 அணிகளுக்கு 5 ஆட்டங்களோடு அந்த ஆண்டின் லீக் முடிந்துவிட்டது. அத்தனை ஆட்டங்களும் லூதியானா என்னும் ஒரே ஊரில். மதுரை மக்கள் தங்கள் அணியின் ஓர் ஆட்டத்தைக்கூடத் தங்கள் ஊரில் காணவில்லை. காணாத ஒன்றை எப்படி நினைவில் வைப்பது?

ஆகவே நான் சொல்ல வந்தது ஒன்றுதான். பெண்கள் கால்பந்துக்கு இன்று குறைவாக இருப்பது பாராட்டு அன்று, பருவம். ஆண்டில் பல மாதங்கள் ஆட்டம், ஆடுவதற்கு ஊதியம், பார்ப்பதற்குத் தன் ஊர் மைதானம் ஆகிய இம்மூன்றும் சேர்ந்ததையே பருவம் என்கிறேன்.

கோபி வட்டாரத்தில் பிறந்தவர்களுக்குப் பருவம் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. கொடிவேரி அணையிலிருந்து தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களில் தண்ணீர் விட்டால் 120 நாட்கள் விட வேண்டும். அப்போதுதான் நட்ட நெல் களத்துக்கு வரும். பதினெட்டு நாள் தண்ணீரை விட்டு மதகை அடைத்துவிட்டு, “ஏன் விளையவில்லை? இந்த மண் சரியில்லை” என்று ஒருவர் சொன்னால் நம் அப்பாருமார் சிரிக்க மாட்டார்களா? பெண்கள் கால்பந்தைப் பற்றி நாம் சொல்லி வந்ததெல்லாம் ஏறக்குறைய இதுதான்.

இது ஏதோ தொலைவிலுள்ள வீராங்கனைகளின் கவலை என்று எண்ணிவிட வேண்டாம். என்னோடு பள்ளியில் படித்த தோழி ஒருத்தி நடுக்களத்தில் ஆடுவாள். பந்து காலில் இருக்கும்போதே அடுத்து யாருக்குத் தள்ளுவது என்பதை அவள் கண் முடிவு செய்திருக்கும். பத்தாம் வகுப்பில் மாவட்ட அளவு வரை போய் வந்தாள். பிறகு ஒருநாள் அவள் தாயார், “பந்தை ஒதைச்சு என்ன ஆகப் போகுது அம்மிணி?” என்று கேட்டார். அவளிடம் பதில் இல்லை. பயிற்சி கொடுத்த ஆசிரியரிடமும் பதில் இல்லை. இன்று விடியற்காலை நூற்பாலை வேனில் ஏறிப் போகிறாள். நான் கல்லூரிப் பேருந்துக்கு நிற்கும்போது சில நாட்களில் அந்த வேன் இரவு முறை முடித்தவர்களை இறக்கிவிட்டுப் போகும்.

அந்தத் தாயாரின் மேல் எனக்குக் கோபமில்லை. என் வீட்டிலும் இதே கேள்வி கேட்கப்பட்டது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். “படிச்சு என்ன கண்ணு ஆகப் போகுது?” என்று என் தாயார் கேட்டபோது, என்னிடம் சொல்வதற்குப் பதில்கள் இருந்தன. அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகின்ற புதுமைப்பெண் திட்டம் 2022ஆம் ஆண்டிலேயே தொடங்கியிருந்தது. பட்டம் பெற்றால் எழுதக்கூடிய தேர்வுகள் இருந்தன. நடவுக்குப் போய் வந்து கால் கழுவிக்கொண்டே அம்மா அவற்றைக் கேட்டார், கணக்குப் போட்டார், சரி என்றார். ஏழை வீட்டுத் தாய் கேட்பது ஏளனக் கேள்வி அன்று, கணக்குக் கேள்வி. அதற்குக் கணக்கில்தான் விடை சொல்ல முடியும். என் படிப்புக்கு விடை இருந்தது. என் தோழியின் ஆட்டத்துக்கு விடை இல்லை. அவளுக்கும் எனக்கும் உள்ள வேறுபாடு திறமையில் இல்லை. அந்த விடையில்தான் இருக்கிறது.

இனி வேறொரு நாட்டைப் பார்ப்போம். இங்கிலாந்தில் பெண்கள் கால்பந்து இன்று செல்வாக்கோடு விளங்குகிறது. 2022ஆம் ஆண்டு வெம்பிளி மைதானத்தில் நடந்த ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டத்தைக் காண 87,192 பேர் கூடினார்கள். “அது பணக்கார நாடு, அவர்களால் முடியும்” என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்த வரலாறு நேர்கோடாக வரவில்லை. 1920ஆம் ஆண்டு கிறிஸ்துமசுக்கு மறுநாள், பிரஸ்டன் நகரத்தின் டிக், கெர் தொழிற்சாலைப் பெண்களின் அணி லிவர்பூலில் ஆடியபோது 53,000 பேர் பார்த்தார்கள். அவர்களும் நம் மில் வேனில் ஏறிப் போகும் பெண்களைப் போன்ற தொழிலாளிகள்தாம். அடுத்த ஆண்டே, 1921 டிசம்பரில், பெண்கள் ஆட்டத்துக்கு மைதானம் தரக்கூடாது என்று அந்நாட்டுக் கால்பந்துச் சங்கம் தன் கழகங்களுக்கு ஆணையிட்டது. அந்தத் தடை நீங்க 1971 வரை, ஐம்பது ஆண்டுகள் ஆயின. கூட்டம் வராததால் ஆட்டம் நிற்கவில்லை. கூட்டம் வந்துகொண்டிருந்தபோதே கதவு பூட்டப்பட்டது.

பிறகு 2011ஆம் ஆண்டில் அங்கே மகளிர் சூப்பர் லீக் தொடங்கியது. 8 அணிகள், ஒவ்வோர் அணிக்கும் 14 ஆட்டங்கள். ஆண்டுக்கு 20,000 பவுனுக்கு மேல் ஒரு கழகம் 4 பேருக்குத்தான் ஊதியம் தரலாம் என்ற கட்டுப்பாடு இருந்தது. வேறு வேலை பார்த்துக்கொண்டே ஆடியவர்கள் பலர். 2018–19 பருவத்தில்தான் முதல்நிலை அணிகள் எல்லாம் முழுநேரத் தொழில்முறை அணிகளாக இருக்க வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. 2019–20இல் 12 அணிகள், அணிக்கு 22 ஆட்டங்கள் என்று பருவம் வகுக்கப்பட்டது.

நம் நாட்டுக் கணக்கையும் பக்கத்தில் வைப்போம். இந்திய மகளிர் லீக்கின் முதல் பதிப்பின் இறுதிச் சுற்று 2017ஆம் ஆண்டு தில்லியில் 6 அணிகளோடு நடந்தது. 2022இல் ஒடிசா, 2023இல் அகமதாபாத் என்று ஓரிடத்திலேயே கூட்டி வைத்து முடித்துவிடும் வழக்கம் தொடர்ந்தது. 2023–24இல்தான் முதன்முறையாக ஒவ்வோர் அணியும் சொந்த ஊரிலும் எதிரணியின் ஊரிலும் ஆடும் முறை வந்தது. 7 அணிகள், அணிக்கு 12 ஆட்டங்கள், ஒடிசா எஃப்.சி. வென்றது. 2024–25இல் 8 அணிகள், அணிக்கு 14 ஆட்டங்கள். ஈஸ்ட் பெங்கால் வென்றது. 8 அணிகள், 14 ஆட்டங்கள்! 2011இல் இங்கிலாந்து நின்ற அதே படியில் நாமும் காலை வைத்தோம். இது எட்டாத உயரமன்று. ஏறத் தொடங்கிய படிதான்.

ஊதியத்திலும் ஒரு வழி பிறந்தது. ஒவ்வொரு கழகமும் குறைந்தது 10 இந்திய வீராங்கனைகளோடு ஆண்டுக்கு 3,20,000 ரூபாய்க்குக் குறையாத ஒப்பந்தம் செய்ய வேண்டும் என்று அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு 2023ஆம் ஆண்டு அறிவித்தது. மாதத்துக்கு ஏறத்தாழ 26,600 ரூபாய். ‘என்ன ஆகப் போகுது?’ என்று கேட்ட தாய்க்குச் சொல்லக்கூடிய முதல் விடை இதுதான். ஆனால் கணக்கை முழுமையாகப் போட வேண்டும். 8 அணிகளுக்குப் பத்துப் பத்துப் பேர் என்றால் 80 பேர். இத்தனை பெரிய நாட்டில் எண்பது பெண்கள்! விடை சரியானது; ஆனால் மிகச் சிறியது.

நம் மாநிலத்தில் திறமைக்குக் குறைவா என்றால் இல்லை. பல ஆண்டுகளாக மணிப்பூர் எடுத்துச் சென்ற தேசிய சீனியர் மகளிர் கோப்பையைத் தமிழ்நாடு 2018ஆம் ஆண்டு கட்டாக்கில் அந்த மணிப்பூரையே 2–1 என்று வென்று கைப்பற்றியது. 2023இல் அமிர்தசரசில் அரியானாவை வென்று மீண்டும் பெற்றது. கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடியவர். 2023–24ஆம் ஆண்டின் சிறந்த வீராங்கனை என்று கூட்டமைப்பால் தேர்ந்தெடுக்கப்பட்டவர். அவரே 2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது காவல்துறை உதவி ஆய்வாளராகச் சென்னைச் சாலையில் பணியில் நின்றார். அவருக்கு வாழ்க்கை கொடுத்தது காக்கிச் சீருடை. ஆட்டச் சீருடை அன்று. விளையாட்டு வீரர்களுக்கு அரசு வேலை கொடுப்பதை நான் குறை சொல்லவில்லை. அது நம் போன்றோர் வீடுகளில் விளக்கேற்றும் செயல். ஆனால் ஆட்டமே ஒரு வேலையாகும் நாள் வரும்போதுதான் இந்துமதிக்குப் பின்னால் வரும் ஆயிரம் பெண்களுக்கு இடம் கிடைக்கும்.

“பெண்கள் ஆட்டத்தை யார் பார்க்க வருவார்கள்?” என்று கேட்போர் உண்டு. நம் ஊர்ச் சந்தை இன்ன கிழமை கூடும் என்று தெரிந்திருப்பதால்தான் மக்கள் வருகிறார்கள். ஒரு வாரம் கூடி, ஓராண்டு கூடாமல் போகின்ற சந்தைக்கு யார் பையை எடுத்துக்கொண்டு வருவார்? வாரந்தோறும், தெரிந்த இடத்தில், தெரிந்த பெண்கள் ஆடட்டும். கூட்டம் தானே பழகும்.

“முதலில் படிப்பு, பிறகு ஆட்டம்” என்று சொல்வோரும் உண்டு. ஆண் மாணவர்கள் மாலையில் மைதானத்தில் ஆடும்போது இந்த அறிவுரையை யாரும் சொல்லக் கேட்டதில்லை. இந்தியப் பெண்கள் அணி 1980இலும் 1983இலும் ஆசியப் போட்டியில் இரண்டாமிடம் பெற்றது. அதன்பின் நெடுங்காலம் பின்தங்கிக் கிடந்து, 2025 ஜூலையில் தாய்லாந்தை அதன் மண்ணிலேயே 2–1 என்று வென்று ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. லீக் ஒன்றே இதற்குக் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஆண்டுக்கு ஐந்தாறு ஆட்டங்கள் ஆடி எவரும் அந்த உயரத்தை எட்டுவதில்லை என்பதை எந்தப் பயிற்சியாளரும் சொல்வார்.

கூட்டமைப்பும் அரசும் செய்ய வேண்டியவை இருக்கட்டும். நாம் செய்யக்கூடியது என்ன? கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகளை நாக்-அவுட் முறையில் இரண்டு மூன்று நாட்களில் முடித்துவிடுகிறோம். 16 அணிகள் வந்தால் மொத்தம் 15 ஆட்டங்கள். அவற்றுள் 8 அணிகள் ஒரே ஓர் ஆட்டம் ஆடிவிட்டு ஊர் திரும்பும். ஓராண்டுப் பயிற்சிக்கு ஓர் ஆட்டம்! தோற்றவர்களுக்குத்தானே அதிக ஆட்டம் வேண்டும்? கற்றுக்கொள்ள வேண்டியவர்கள் அவர்கள்தாமே?

இதற்கு மாற்றாக ஒன்றைச் சொல்கிறேன். கோபி, சத்தியமங்கலம், பவானி, ஈரோடு ஆகிய ஊர்களிலிருந்து கல்லூரிக்கு ஓர் அணியாக நான்கு பெண்கள் அணிகள் சேரட்டும். ஒவ்வோர் அணியும் மற்ற மூன்றோடும் தன் மைதானத்தில் ஒருமுறை, எதிரணி மைதானத்தில் ஒருமுறை ஆடட்டும். மொத்தம் 12 ஆட்டங்கள், அணிக்கு 6. சனிக்கிழமைதோறும் இரண்டு ஆட்டங்கள் என்றால் ஆறு வாரங்களில் முடியும். முதல் ஆட்டத்தில் தோற்றவளுக்கும் இன்னும் ஐந்து ஆட்டங்கள் இருக்கும். இதற்குப் பெரும் பொருள் தேவையில்லை. வாரத்தில் இரண்டு மாலைகள் மைதானம் மாணவியருக்கென்று ஒதுக்கப்பட வேண்டும். கடைசி டவுன் பஸ்ஸுக்குள் பயிற்சி முடிய வேண்டும். அணிக்கு நான்கைந்து பந்துகள் வேண்டும். எங்கள் வீடுகளுக்கு ஒரு பேராசிரியர் நேரில் வந்து, “உங்க பொண்ணு பத்திரமா வந்து சேருவா, நாங்க பொறுப்புங்க” என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் எல்லாவற்றிலும் விலைமதிப்புள்ளது. அதற்குச் செலவே கிடையாது.

பேராசிரியப் பெருமக்களையும், உடற்கல்வி இயக்குநர் அவர்களையும் நான் பணிவோடு கேட்பது இதுவே. மாணவ நண்பர்களே, உங்களிடம் கேட்பது இன்னும் எளியது. அந்தச் சனிக்கிழமைகளில் மைதானத்தின் ஓரத்தில் வந்து நில்லுங்கள். கைதட்டக்கூட வேண்டாம், வந்து நின்றால் போதும். அடுத்த சனிக்கிழமையும் வாருங்கள்.